நாலாவது மாம்பழம்

சித்திரை வெயில் ஏறி, பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டதும் எங்கள் தெருவில் இளம் தாய்மார் ஒருவர் பின் ஒருவராக என் வாசலுக்கு வருவார்கள். "டீச்சர், ஸ்கூல் திறக்கறதுக்குள்ள படிச்சதெல்லாம் மறந்துடுவான் போலிருக்கு. வீட்ல என்ன சொல்லிக் குடுக்கலாம்? ஒர்க் புக் ஏதாவது வாங்கட்டுமா?" நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. 'டீச்சர்' என்கிற பட்டத்துக்கு மட்டும் காரைக்காலில் ஓய்வே கிடையாது.

ஒர்க் புக் வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. ஆனால் அந்தப் புத்தகங்களின் முதல் நாலைந்து பக்கம் பென்சில் கறையோடும் மிச்சமெல்லாம் புத்தம் புதிதாகவும் பழைய பேப்பர்காரரிடம் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் வேறு ஒன்று கேட்பேன். "வீட்டுக்குப் பால் ஊத்துறாங்களா?" அவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பிள்ளைப் படிப்பைப் பற்றிக் கேட்டால் கிழவி காபிக்கு அடிபோடுகிறாளே என்று.

விஷயம் இதுதான். அடுப்படியில் ஒரு நாள்காட்டி தொங்கட்டும். பால் வந்ததும் அன்றைய கட்டத்தில் பிள்ளை குறிக்க வேண்டும். அரை லிட்டர் என்றால் ஒரு குறி, பால்காரர் வராத நாளுக்குச் சுழி, விருந்தாளி வந்து கூடுதலாக வாங்கினால் அதன் காரணம் ஒரு வரி: 'அத்தை வந்தாங்க. ஒரு லிட்டர்.' ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் குறி போடுவதே பெரிய உத்தியோகம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை, இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று என்று மாதக் கடைசியில் கூட்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை விலையால் பெருக்கி, பாக்கி எவ்வளவு என்று சொல்லிவிடும். எழுத்து, வாசிப்பு, கணக்கு மூன்றும் ஒரே தாளில். ஒரே நிபந்தனை: பிள்ளை போட்ட கணக்கின்படிதான் பால்காரருக்குப் பணம் போக வேண்டும். பெரியவர்கள் தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, பிள்ளையின் கணக்கை வேடிக்கைக்கு விட்டுவைத்தால் அது மோப்பம் பிடித்துவிடும். மறுநாள் முதல் குறி இருக்காது.

தன் கணக்கு வீட்டுக்குத் தேவைப்படுகிறது என்று தெரிந்த பிள்ளை கணக்குப் போடும். இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஆசிரியர் பயிற்சி இல்லை, நயா பைசா.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையைவிட்டு 1954 நவம்பர் 1-இல் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. அந்த மாற்றத்தின் சூடு ஆறுவதற்குள் 1957 ஏப்ரல் 1-இல் காசும் மாறியது. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா. இனி ரூபாய்க்கு நூறு நயா பைசா. அணாவும் பைசாவும் சில காலம் சேர்ந்தே புழங்கின. நாலணாவுக்கு இருபத்தைந்து, அதில் வழக்கே இல்லை. ஆனால் ஓரணாவுக்கு ஆறு, இரண்டணாவுக்குப் பன்னிரண்டு, மூன்றணாவுக்குப் பத்தொன்பது என்று மாற்றுப் பட்டியல் சொன்னது. பள்ளியில் ஆறாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த எனக்கு அது பொறுக்கவில்லை. மளிகைக் கடை வாசலில் நின்று, "மூவாறு பதினெட்டு! ஒரு பைசா கூடக் கேக்குறாரு!" என்று கூவினேன். நியாயத்தின் மொத்தக் குத்தகையும் என் பாவாடை முடிச்சில் இருப்பதாக நினைப்பு.

கூட வந்திருந்த அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, விரலைக்கூட மடக்காமல் சொன்னார்: "நாலணாவுக்கு இருபத்தஞ்சுன்னா ஓரணாவுக்கு ஆறே கால். மூணு ஆறே கால் பதினெட்டே முக்கால். கால் பைசாவை யாரு உடைச்சுத் தர்றது? பத்தொம்பது சரிதான், குடுத்துட்டு வா."

அம்மாச்சி பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். அவருடைய பள்ளிக்கூடம் நெல் குதிரும் அரிசிப் பானையும்தான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். நிலம் என்றால் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. இவையெல்லாம் அவர் வாயில் புழங்கின. ஆனால் எனக்கு அவர் வாயால் சொல்லித் தரவில்லை. "நாழியில எத்தனை ஆழாக்கு?" என்று கேட்டுவிட்டு, அரிசியையும் அளவைகளையும் என் முன்னால் தள்ளிவிடுவார். நான் கொட்டி, அள்ளி, சிந்தி, பொறுக்கி, எட்டு என்று கண்டுபிடிக்கும்வரை அவர் வாய் திறக்காது. வாய் நிறைய வெற்றிலை. பின்னாளில் வகுப்பறையில் எட்டில் ஒன்று என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் என் உள்ளங்கையில் அந்த ஆழாக்கின் கனம் தெரியும்.

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்து ஒன்று சொன்னார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதையே மூன்று விநாடியாக நீட்டினால் பிள்ளைகள் நீளமாகவும் யோசித்தும் பதில் சொல்கிறார்கள், பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மூன்றே விநாடி! அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அம்மாச்சி ஒரு வெற்றிலை நேரம் காத்திருப்பார். வீட்டில் சொல்லிக் கொடுக்கிற பெற்றோருக்கு நான் தரும் முதல் பயிற்சியும் இதுதான்: கேட்டபின் வாயை மூடிக்கொள்வது. வெற்றிலை உடம்புக்கு ஆகாது என்பதால் கடலை மிட்டாயைப் பரிந்துரைக்கிறேன்.

இப்படிப் பேசினால், "அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடமே மேல்" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். அதில் நான் சேரமாட்டேன். எண்சுவடி என்கிற வாய்ப்பாட்டுச் சுவடியை மனப்பாடம் செய்த பையன்கள் முந்நூற்று இருபதில் ஒன்றான முந்திரி வரைக்கும் பின்னக் கணக்கை நெட்டுருவாக வைத்திருந்தார்கள் என்பது உண்மை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த து. செந்தில் பாபு இந்தக் கணக்கு மரபைப் பற்றி ஆராய்ந்து எழுதிய ஆங்கில நூல் 2022-இல் வந்தது. கணக்கு யார் கையில் இருந்தது, யார் கைக்கு எட்டாமல் இருந்தது என்பதையும் அவர் பேசுகிறார். பிரம்படி, தோப்புக்கரணம், கோதண்டம் என்ற தண்டனைகளெல்லாம் அந்தத் திண்ணையில்தான் இருந்தன. பெண் பிள்ளைகளுக்கும் உழைக்கும் சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் அங்கே இடமில்லை. என் அம்மாச்சி அடுப்படியில் கணக்குக் கற்றது பெருமை மட்டுமில்லை, வேறு வழியும் இல்லை.

அந்தத் திண்ணையிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டென்றால் அது மணல். எங்களுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் தரங்கம்பாடியில் 1706-இல் வந்து இறங்கிய பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்றது மணலில்தான். உள்ளூர் வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அந்தச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து, விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். சட்டை போட்ட வெள்ளைக்காரர் அ, ஆ எழுதுவதைப் பார்த்துப் பக்கத்துப் பையன்கள் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். மணலின் நன்மை, பிழை அதில் தங்காது. நோட்டில் ரப்பர் போட்டு அழித்தால் கறுப்புத் தடம் நிற்கும், அதைப் பார்த்துப் பிள்ளை கூசும். தட்டில் மணல் பரப்பி எழுதினால் ஒரு தடவு, அவ்வளவுதான். கடற்கரை ஊரில் மணலுக்கா பஞ்சம்? எழுத வைக்கும்போதும் அ-வில் தொடங்க வேண்டும் என்ற சட்டமில்லை. அ சுழியும் வளைவுமான எழுத்து, ஐந்து வயது விரலுக்குக் கடினம். ட, ப, ம என்று கோடு இழுக்கிற எழுத்துகளில் தொடங்கினால் சீக்கிரமே 'படம்' என்று ஒரு சொல் கையில் வந்துவிடும். தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் அட்டைகளும் இந்த வழியில்தான் போயின.

வீட்டுக் கணக்கு தானாகவே பள்ளிக் கணக்காகிவிடாது. என் வகுப்பில் கடலோர ஊரிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். அம்மா மீன் விற்பவர், கூடவே இவளும் உட்கார்வாள். நாற்பது பெருக்கல் ஏழு என்று பலகையில் எழுதிக் கொடுத்தேன். இருபத்தெட்டு என்று எழுதி நீட்டினாள். சுழியைக் காணோம். மறுநாள் கேட்டேன்: "கூறு நாப்பது ரூபான்னா ஏழு கூறு எவ்வளவுடி?" அவள் யோசிக்கவே இல்லை. "அஞ்சு கூறு இருநூறு, ரெண்டு கூறு எம்பது, இருநூத்தி எம்பது டீச்சர்." பலகையில் எழுதிய இருபத்தெட்டைக் காட்டி, "அப்ப இது?" என்றேன். "அது கணக்கு டீச்சர்" என்றாள்.

உலகம் முழுக்க இப்படித்தான் இருக்கிறது. பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற சிறுவர்களை வைத்து மூன்று ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 1985-இல் வெளியானது. வியாபாரத்தினூடே கேட்டபோது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு விடை சரி. அதே கணக்குகளை எண்களாகத் தாளில் கொடுத்தபோது முப்பத்தேழுதான். நம் நாட்டிலும் கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் நடத்திய ஆய்வு 2025-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. சந்தையில் மனக்கணக்காகப் போட்டுத் தள்ளும் பிள்ளைகள் பள்ளிப் பாணிக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக்கூடம் மட்டுமே போன பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இரண்டு கரை இருக்கிறது, நடுவில் பாலத்தைக் காணோம்.

அந்தப் பெண்ணிடம் நான் செய்தது ஒன்றுதான். அவள் வாயால் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதச் சொன்னேன். ஐந்து கூறு 200. இரண்டு கூறு 80. கூட்டினால் 280. எழுதி முடித்துத் தன் எழுத்தையே வெறித்துப் பார்த்தாள். "நான் மீனுக்குப் போடறதும் இதுவும் ஒண்ணா?" என்றாள். அதற்குப் பிறகு சுழி காணாமல் போகவில்லை என்று சொன்னால் பொய். போயிற்று, ஆனால் அவளே தேடிப் பிடித்தாள். வீட்டில் பெற்றோர் செய்ய வேண்டியதும் இந்த நடுப்படிதான். பிள்ளை சரியான விடை சொன்னதும் "சபாஷ்" என்று அடுத்த கணக்குக்குத் தாவாமல், "எப்படிப் போட்டே?" என்று கேட்க வேண்டும். அது சொல்வதைத் தாளில் எழுதச் சொல்ல வேண்டும். சரியான விடைக்கும் இதைக் கேட்க வேண்டும். தப்பான விடைக்கு மட்டும் கேட்டால், "எப்படிப் போட்டே" என்பதே திட்டு ஆகிவிடும்.

கதைக் கணக்கு என்றால் எங்கள் ஊருக்கு வேறு எங்கும் போக வேண்டியதில்லை. ஆனி மாதப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா. தேரோடும் வீதியில் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் மழையாக விழும். அந்த விழாவின் கதை இது: பரமதத்தன் இரண்டு மாம்பழத்தை வீட்டுக்கு அனுப்புகிறான். அவன் மனைவி புனிதவதி ஒன்றைச் சிவனடியாருக்குப் படைக்கிறாள். மிச்சம் ஒன்றைக் கணவனுக்குப் பரிமாறுகிறாள். ருசியில் மயங்கி அவன் இன்னொன்றும் கேட்கிறான். அவள் இறைவனை வேண்ட, ஒரு பழம் வருகிறது. அதையும் சாப்பிட்டுவிட்டு, இந்த ருசி எங்கிருந்து வந்தது என்று கேட்கிறான். உண்மையைச் சொல்கிறாள். நம்பாமல் இன்னொன்று வரவழைக்கச் சொல்கிறான். வருகிறது, அவன் கையில் பட்டதும் மறைகிறது. மூன்றாம் வகுப்பில் இதைச் சொல்லி, "மொத்தம் எத்தனை மாம்பழம்?" என்று கேட்டேன். இரண்டு என்றான் ஒருவன். மூன்று என்றார்கள் பலர். பின் வரிசையில் எப்போதும் தூங்கி வழியும் ஒரு பையன் எழுந்து, "கைக்கு வந்து மறைஞ்ச நாலாவதைச் சேக்கணுமா வேண்டாமா டீச்சர்?" என்றான்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. வந்த பழங்களை எண்ணினால் நாலு, தின்ற பழங்களை எண்ணினால் மூன்று. எதை எண்ணுகிறோம் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும் என்பதை நான் சொல்லித் தரவில்லை, அவர்களே கத்தி முடிவு செய்தார்கள். அன்று தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்தபோது வகுப்பறை சந்தைக்கடையாக இருந்தது. என்ன பாடம் நடக்கிறது என்றார். கழித்தல் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மார்கழியில் கோலம். ஏழு புள்ளி, ஊடுபுள்ளி, ஒன்றில் முடிய வேண்டும். மொத்தம் எத்தனை புள்ளி? சின்னது ஒவ்வொன்றாக எண்ணும். கொஞ்சம் பெரியது, மேலே இருக்கும் ஒன்றைக் கீழே இருக்கும் ஆறோடும், இரண்டை ஐந்தோடும், மூன்றை நாலோடும் சேர்த்து ஏழு ஏழாகக் கட்டும். நாற்பத்தொன்பது வரும். தலையைச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாசலில் கிடப்பது ஏழுக்கு ஏழு சதுரம், திரும்பிப் படுத்திருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் இருந்தவர்களும் 1970-களில் கோலத்தைக் கணினி அறிவியலோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். நம் வாசலில் இரண்டு சக்கர வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று கோலத்தை ஸ்டிக்கராக்கிவிட்டோம்.

எழுதுவது பற்றிக் கேட்கிறவர்களுக்கு என் கடிதக் கதையைச் சொல்வேன். இந்த ஊரில் பிரான்சுக்குப் போன பிள்ளைகள் பல வீட்டில் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு மகன் அங்கே. நான் நாலாம் வகுப்பு, தெருவுக்கே நான்தான் கடிதம் எழுதுகிறவள். அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். எனக்கோ படித்த மிதப்பு. 'இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் தங்கள் நலமறிய ஆவல்' என்று பக்கத்தை நிரப்பினேன். படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, "மழையில ஓடு ஒழுவுதுன்னு சொன்னேனே, அது எங்க? பசு கண்ணு போட்டுதுன்னேனே, அது எங்க? நீ எழுதுனது எம் மவனுக்கு இல்ல, எவனோ கலெக்டருக்கு" என்றார். திரும்ப எழுதினேன். ஒழுகுகிற ஓட்டோடும் கன்றுக்குட்டியோடும் அந்தக் கடிதம் கப்பலேறியது.

பிள்ளையை 'எனது பள்ளி' பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னால் அது கலெக்டருக்குத்தான் எழுதும். அதற்குப் பதில், அது பேசுவதை நீங்கள் எழுதுங்கள். "எங்க நாய் நேத்து செருப்பைக் கடிச்சிருச்சு" என்றால் அப்படியே, அதன் பேச்சிலேயே. பிறகு படிக்கக் கொடுங்கள். தன் வாய்ச்சொல்லைத் தாளில் பார்க்கும் பிள்ளை அதைத் தடுக்கித் தடுக்கியாவது படித்துவிடும். நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், பிள்ளைகள் வாயிலிருந்து வந்த சொற்களையே அட்டையில் எழுதிக் கொடுத்துப் படிக்க வைத்தார். அந்த அனுபவத்தை எழுதிய புத்தகம் 1963-இல் வந்தது. ல, ள, ழ குழப்பமெல்லாம் பிறகு திருத்திக்கொள்ளலாம். முதல் நாளே சிவப்பு மையோடு உட்கார்ந்தால், அடுத்த நாள் அந்த நாய் செருப்பைக் கடிக்காது.

எல்லா வீட்டிலும் இது முடியுமா என்று கேட்டால், முடியாது. விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்பும் தாயிடம் போய் "எப்படிப் போட்டே என்று கேளுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. தெருவில் படித்த ஒருவர், பெரும்பாலும் ஓர் இளம்பெண், சாயங்காலம் தன் வீட்டு வாசலிலோ பொது இடத்திலோ பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக் கொடுத்தார். எங்கள் ஊர் புதுச்சேரியைச் சேர்ந்தது, அந்தத் திட்டம் எங்களுக்கு இல்லை. சுற்றிவர தமிழ்நாடு, நடுவில் நாங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தன்னார்வலராக இருந்த எங்கள் உறவுப் பெண் சொல்வாள்: "சித்தி, பாடம் நடத்துறதைவிட அதுங்க பேசறதைக் கேக்கறதுதான் பெரிய வேலை." அவளுக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லாமலே அது வந்துவிட்டது. படித்தவர் வீட்டுத் திண்ணை ஒன்று மாலையில் ஒரு மணி நேரம் திறந்திருந்தால் போதும், நேரமில்லாத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கும். அதற்கு அரசாணை வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இருந்தால் நல்லதுதான்.

என் திண்ணையில் இப்போது பல்லாங்குழி நடக்கிறது. பதினாலு குழி, குழிக்கு ஐந்து, மொத்தம் எழுபது. எந்தக் குழியில் எடுத்தால் கடைசிக் காய் எங்கே விழும் என்று முன்கூட்டியே சொல்கிறவருக்கு ஒரு கடலை மிட்டாய். காயைத் தொட்டு எண்ணக்கூடாது, கண்ணால் மட்டும். இரண்டாம் வகுப்புப் பேத்தி என்னை வாரம் தவறாமல் தோற்கடிக்கிறாள். நாலு சேர்ந்த குழியை நான் கவனிக்காமல் விட்டால் "பசு!" என்று பிடுங்கிக்கொள்கிறாள், நான் அவளுடைய பசுவைப் பார்த்துவிட்டால் மட்டும் முகம் தூக்கிக்கொள்கிறது. சோழிக்கு எங்கே போவது என்று கேட்கிற தாய்மாருக்குச் சொல்கிறேன்: வருஷத்துப் புளியை உடைத்துக் கொட்டை எடுத்த வீடு தெருவில் ஒன்றாவது இருக்கும். பிள்ளையையே அனுப்பி எழுபது கொட்டை எண்ணி வாங்கிவரச் சொல்லுங்கள். இரண்டு மூன்று கூட எடுத்துவந்தால் கண்டுகொள்ள வேண்டாம், கட்டில் அடியில் தொலைவதற்கு வேண்டும்.